மேல் கட்டத்தில் எருமை

“எருமைன்னு போட்டுத் தேடிப் பாத்தீங்களாம்மா?” என்று அதிகாரி தணிந்த குரலில் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“பாத்தேன் சார்.”

“எத்தனை இடத்துல வருது?”

“அறுநூத்தி நாப்பது இடத்துல.”

அதிகாரி பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “அவ்வளவு கோபமா அந்த மனுஷனுக்கு என் மேல?”

“சார், இது கால்நடை ஆஸ்பத்திரி.”

அதிகாரி யோசித்தார். “ஆமா இல்ல?” என்றார்.

பதிவறையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த கம்பவுண்டர்கூட அப்படித்தான். அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த ஐம்பத்து மூன்று வருஷத்தில் அவளிடம் யாராவது “எப்படி இருக்கே?” என்று கேட்டதைவிட “எங்கே இருக்கு?” என்று கேட்டதுதான் அதிகம். வீட்டில் கணவர் நகவெட்டியைக் கேட்பார், பிள்ளைகள் சான்றிதழைக் கேட்பார்கள். இங்கே வந்தால் டாக்டர்கள் பழைய கடிதத்தைக் கேட்பார்கள். அவளும் தேடிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அன்றைக்கு டைப்பிஸ்ட் ஐயா ஓய்வு பெற்றார். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருபத்தாறு வருஷத்தில் “சரிங்க”வுக்கு மேல் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

“இத்தனை வருஷமா மத்தவங்க சொன்னதைத்தான் அடிச்சேன். நம்ம அதிகாரியைப் பத்தி மட்டும் என் மனசுல இருக்கிறதை ஒரே ஒரு இடத்துல எழுதி வெச்சிருக்கேன். எந்த ஃபைல்னு சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் யார் கண்ணுலயும் படலை.”

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அதிகாரியும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகு.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள அத்தனை கோப்புகளையும் ஒரு டிஸ்க்கில் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரும் ஆளிடம் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு குழு வரிவரியாகப் படிக்கும். அதிகாரியின் பதவி உயர்வு அந்தக் குழு எழுதப்போகும் குறிப்பைப் பொறுத்தது.

டைப்பிஸ்ட் ஐயாவைப் பிடித்துக் கேட்டுவிடலாம் என்றால், அவர் மனைவியோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தான் பேசுவதற்காக மட்டுமே செல்போன் வாங்கியவர் அவர். பேசி முடித்ததும் அணைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டார், உற்சாகமில்லாமல்.

ஆகவே புதன்கிழமை காலை அதிகாரி பதிவறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“பொதுவா இங்க என்னை என்னன்னு திட்டுவாங்க?”

“எனக்கு எப்படி சார் தெரியும்?”

“சும்மா சொல்லுங்கம்மா. தேடறதுக்கு ஒரு வார்த்தை வேணுமில்ல?”

அக்கா மேசையிலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டு, “எருமைன்னு சில பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்” என்றாள்.

“சில பேர்னா?”

“எல்லாரும் இல்ல சார். ரெண்டு பேர் லீவுல இருந்தாங்க.”

அப்படித்தான் அந்த அறுநூற்று நாற்பது வந்தது. அக்கா அன்று மத்தியானம் வரை அத்தனை எருமைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மடிவீக்கம் வந்த எருமை, ஆணி விழுங்கிய எருமை, எதிர்வீட்டு வேலியைச் சாய்த்த எருமை. எல்லாம் நிஜ எருமைகள். அதிகாரி அரைமணிக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தார்.

“கழுதை?”

“அதுவும் பாத்தேன். நாப்பத்தொண்ணு. எல்லாம் சலவைக்காரரோட கழுதை.”

“மாடு?”

“சார்…”

“சரி, விடுங்க.”

அவளுக்கு ஒன்றுதான் நெருடியது. கண்ணில் பட்டதெல்லாம் கடந்த ஒன்பது வருஷத்துக் கோப்புகள். அதற்கு முந்தைய கோப்பு ஒன்றுகூடத் தேடலில் வரவில்லை. ஒரு பழைய கோப்பைத் திறந்தாள். முதல் வரியிலேயே எருமை கொழுகொழுவென்று நின்றது. ஆனால் தேடினால் ‘இல்லை’ என்றது கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்தார். “அதெல்லாம் பழைய எழுத்துருவுல அடிச்சதுக்கா. நம்ம கண்ணுக்குத்தான் அது எருமை. மெஷினுக்கு உள்ளே அது வேற ஏதோ கிறுக்கல். மாத்திட்டா தேடலாம்.”

“மாத்துங்க.”

மாற்றிக் கொடுத்தார். போகும்போது, “ஒரே பேர்ல ரெண்டு ரெண்டு ஃபைல் இருந்தா உங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு பழசையெல்லாம் அழிச்சிட்டேன். நகல் வெச்சிருந்த ஃபோல்டரையும் எடுத்துட்டேன், இடம் அடைச்சுக்கிட்டிருந்தது” என்று பெருமையாகச் சொன்னார். அக்கா நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுபடியும் தேடியதும் அதிகாரி அறைக்குப் போய்ச் சொன்னாள். “எருமை பெருகிடுச்சு சார். ஆயிரத்து முந்நூத்தி நாப்பது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வியாழக்கிழமை காலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே அக்காவுக்கு முழங்கால் கடுத்தது. சனிக்கிழமையிலிருந்து பத்து நாள் விடுப்பு கேட்டிருந்தாள், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. காரணம் என்ன என்று அதிகாரி கேட்டபோது, “தூங்கணும் சார்” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் டிஸ்க் போனால்தான் அவள் போக முடியும்.

வழியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதிகாரியைத் திட்டிய வரி என்றால் அதில் எருமையும் இருக்கும், அதிகாரியும் இருப்பார். இரண்டு வார்த்தையும் சேர்ந்து வரும் வரிகளை மட்டும் தேடினால் போதுமே! கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். அவர் வேறு எங்கோ மேசைக்கு அடியில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு கட்டம் தெரியுதாக்கா?”

“தெரியுது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

“ரெண்டுலயும் ரெண்டு வார்த்தையைப் போட்டு, ‘எல்லா ஃபைலும்’னு இருக்கிறதை அமுக்குங்க. அவ்வளவுதான்.”

அவர் மனசில் இருந்தது வேறு ஜன்னல். அக்காவின் முன்னால் திரையில் திறந்திருந்தது வேறு ஜன்னல். அக்கா மேல் கட்டத்தில் ‘எருமை’ என்று அடித்தாள். கீழ் கட்டத்தில் ‘அதிகாரி’ என்று அடித்தாள். அமுக்கினாள்.

‘1,340 இடங்களில் முடிந்தது’ என்றது கம்ப்யூட்டர்.

அக்கா அந்த எண்ணை மறுபடி படித்தாள். எருமை வந்த இடத்திலெல்லாம் அதிகாரியும் இருக்கிறாரா? முதல் கோப்பைத் திறந்தாள்.

‘அதிகாரி இரண்டு நாட்களாகத் தீனி எடுக்கவில்லை. வால் பகுதியில் வீக்கம்.’

அடுத்ததைத் திறந்தாள்.

‘அதிகாரியைக் குளிப்பாட்டி, ஈரமில்லாத இடத்தில் கட்டவும்.’

நேற்று மத்தியானம் வரை அந்தக் கோப்புகளைப் படித்தவள்தான். ஆனால் அறுநூற்று நாற்பது வரி படித்தவளுக்கு எது படித்தது, எது படிக்காதது என்ற நிதானம் போய்விட்டிருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கம்பவுண்டர் கழுத்தை நீட்டி அடுத்ததை உரக்கப் படித்தார்.

“‘அதிகாரிக்கு நேற்று அதிகாலை கன்று பிறந்தது. தாயும் கன்றும் நலம்.’ அடேயப்பா! சொல்லவே இல்லையே!”

சத்தம் கேட்டு அதிகாரி வந்துவிட்டார். குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

“ஒரு இடம்னு சொன்னானே பாவி! பக்கத்து ரூம்ல உக்காந்து தினம் வணக்கம் வெச்சுக்கிட்டு, ஆயிரத்து முந்நூறு இடத்துல எழுதியிருக்கானே!”

“சார், பதறாதீங்க.”

“எப்படிம்மா பதறாம இருக்கறது? இங்க பாருங்க, ‘அதிகாரி காலையில் நான்கு லிட்டர் பால் தருகிறது.’ தருகிறதுன்னு எழுதியிருக்கான்! தருகிறார்னு போடக்கூட மனசு வரலை. அஃறிணையாக்கிட்டான் என்னை!”

அந்த அஃறிணையில்தான் அக்காவுக்கு உறைத்தது. கட்டங்களை ஒருமுறை பார்த்தாள். போனை எடுத்து, “தம்பி, இந்தக் கீழ் கட்டம் எதுக்கு?” என்று கேட்டாள்.

“கீழ் கட்டமா? எந்த ஜன்னல்ல இருக்கீங்க?… ஐயோ அக்கா! அது ‘இதுக்குப் பதிலா இதைப் போடு’ன்னு சொல்றது!”

“பழையபடி ஆக்க முடியுமா?”

“நகல் இருந்தா ஒரு நிமிஷ வேலை.”

“நகலை நீங்க நேத்து அழிச்சிட்டீங்க.”

 மறுமுனையில் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

எருமைக்கும் அதிகாரிக்கும் இலக்கணம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எருமையை, எருமைக்கு, எருமையின் என்று எங்கே வந்தாலும் அதிகாரியை, அதிகாரிக்கு, அதிகாரியின் என்று ஓர் எழுத்துப் பிசகாமல் உட்கார்ந்துகொண்டது.

அதிகாரி கத்தினார். படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்றார். பதினெட்டு வருஷ அனுபவம் என்ன ஆனது என்றார்.  கத்தி முடித்துத் தன் அறைக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு திரும்பி வந்து அதை அவள் மேசையில் வைத்தார்.

“காலையில சாப்பிட்டீங்களா?”

“இல்ல சார்.”

“சாப்பிடுங்க. இதுல என்ன பெரிய கஷ்டம்? அப்படியே திருப்பிப் போட்டுட்டா சரியாப் போச்சு. மேல அதிகாரி, கீழ எருமை.” பேசிக்கொண்டே அவர் நின்றபடி ஒற்றை விரலால் அடித்தார்.

அக்காவின் வாயில் பிஸ்கெட் இருந்தது. “சார், ஒரு நிமிஷம், நிஜமான அதிகாரி…” என்று அவள் விழுங்கிவிட்டுச் சொல்வதற்குள் அவர் அமுக்கிவிட்டார்.

‘4,240 இடங்களில் முடிந்தது.’

“பாத்தீங்களா? எல்லாம் திரும்பிடுச்சு.”

“எருமை ஆயிரத்து முந்நூத்தி நாப்பதுதானே சார் இருந்துச்சு?”

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா ஒரு கோப்பைத் திறந்தாள். ‘பெறுநர்: உயர்திரு தலைமை எருமை அவர்கள்.’ இன்னொன்றைத் திறந்தாள். ‘எருமை அவர்கள் நேரில் பார்வையிட்டு மகிழ்ச்சி தெரிவித்தார்.’ ஒரு சுற்றறிக்கை இருந்தது: ‘எருமை வரும்போது ஊழியர்கள் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும்.’ கீழே, ‘இப்படிக்கு, எருமை.’

கம்பவுண்டர், “வெளிய ஏதோ நாய் வந்திருக்கு போல” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

அக்கா தன் விடுப்பு விண்ணப்பத்தையும் தேடிப் பார்த்தாள். ‘மதிப்பிற்குரிய எருமை அவர்களுக்கு, பத்து நாட்கள் விடுப்பு அளிக்கும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அடியில் அவள் பெயர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் திரையை அணைத்தாள். அப்போது போன் அடித்தது. கணவர்.

“அந்த நகவெட்டி எங்கே இருக்கு?”

“எருமை,” என்றாள் அக்கா. உடனே, “உங்களை இல்ல. ரெண்டாவது அலமாரி, மேல் தட்டு, நீல டப்பா” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அதிகாரி வந்து திறந்து வைத்திருந்தார். இதற்குள் மேல் கட்டமும் கீழ் கட்டமும் அக்காவுக்கு நன்றாகப் பழகிவிட்டன. ‘எருமை அவர்கள்’ வந்த இடத்திலெல்லாம் ‘அதிகாரி அவர்கள்’ என்று மாற்றினாள். ‘இப்படிக்கு, எருமை’யையும் ‘தலைமை எருமை’யையும் சரிசெய்தாள். அப்படியும் ஆயிரத்து எழுநூறு இடம் மிச்சம். அவற்றைக் கண்ணால் படித்துத்தான் பிரிக்க வேண்டும். கம்பவுண்டருக்கு ஒரு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு, அதிகாரிக்கு ஒரு பங்கு.

“வரி எப்படி முடியுதுன்னு பாருங்க சார். ‘வந்தார்’னு முடிஞ்சா நீங்க. ‘வந்தது’ன்னு முடிஞ்சா எருமை.”

“சரி.”

மணிக்கணக்கில் படித்தார்கள். அதிகாரி இவ்வளவு வருஷமாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கோப்புகளை இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். “இதுக்கெல்லாமா நான் ஒப்புதல் குடுத்தேன்?” என்று இரண்டு மூன்று தடவை தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மத்தியானம் அவரே போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். அக்காவுக்குச் சர்க்கரை கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லாமல் குடித்துவிட்டாள்.

மூன்று மணிக்குத்தான் சிக்கல். ‘ஆர்’ என்றும் இல்லாமல் ‘அது’ என்றும் இல்லாமல் முடியும் வரிகள் முந்நூறு போலக் குவிந்துவிட்டன.

“‘எருமையின் கோபத்தைக் கருதிச் சற்றுத் தள்ளி நிற்கவும்.’ இது யாரு சார்?” என்றார் கம்பவுண்டர்.

அதிகாரி எழுந்துவந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “நானாவும் இருக்கலாம். எதுக்கு வம்பு? எருமைன்னே இருக்கட்டும். இந்த மாதிரி திட்டறாப்ல வர்றதெல்லாம் எருமை கணக்குலயே போகட்டும்.”

“இந்த வரி நல்லவிதமா இருக்கு சார்” என்றாள் அக்கா. “‘நல்ல ஞாபகசக்தி உள்ள எருமை.’ இதை உங்களுக்குப் போடட்டுமா?”

“அது எருமைதாம்மா.”

“எப்படி சார் அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒருவர் காலில் கட்டுப்போட்ட ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். “பதினோரு வருஷமா இங்க இருக்கேன். நான் ரூமுக்குள்ள வந்தா பேச்சு நின்னு போகுது. லீவுல இருந்த ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் எருமைங்கறாங்க. என்னைப் பத்தி நல்லதா ஒரு வரி எவன் எழுதியிருக்கப் போறான்? நல்லதா இருந்தா யோசிக்கவே வேண்டாம். எருமைன்னு விட்டுடுங்க.”

“அப்ப திட்டினாலும் எருமை, பாராட்டினாலும் எருமையா?”

“ஆமா. ரெண்டும் எருமைதான்.”

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று முடிந்தது. நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா டிஸ்க்கை உறையில் போட்டு ஒட்டினாள். தலைமை அலுவலகத்து ஆள் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறிப் போனான். மூவரும் வாசலில் நின்று அந்த வண்டி திருப்பத்தில் மறைகிறவரை பார்த்தார்கள்.

“எந்த வரின்னு கடைசி வரைக்கும் தெரியலையே” என்றார் கம்பவுண்டர்.

“எதுவா இருந்தா என்ன? இப்ப அது ஒரு எருமையோட தலையெழுத்து” என்றார் அதிகாரி. மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. “நீங்க கிளம்புங்கம்மா. பத்து நாளும் நல்லாத் தூங்குங்க. யாரும் போன் பண்ண மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்.”

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விளக்கை அணைக்கப் போனபோது மேசைமேல் போன் அடித்தது. புது எண். பேசியது டைப்பிஸ்ட் ஐயாவின் மனைவி.

“பக்கத்து வீட்டுக்காரர் இப்பத்தான் சொன்னார், நீங்க தேடினீங்கன்னு. இவர் பேரனோட வெளிய போயிருக்கார். என்ன விஷயம்?”

அதிகாரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போடச் சொல்லிச் சைகை காட்டினார். அக்கா போட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. அன்னைக்கு ஐயா சொன்னாரே, அதிகாரியைப் பத்தி ஒரு வரி எழுதினேன்னு. அது என்ன வரின்னு கேக்கலாம்னுதான்.”

“அதுவா?” அந்த அம்மாள் சிரித்தாள். “நேர்ல சொன்னா காக்கா பிடிக்கிறேன்னு நினைச்சுடுவாங்கன்னு கூச்சப்பட்டுக்கிட்டு ஃபைல்ல அடிச்சு வெச்சாராம். என்கிட்ட நூறு தடவை சொல்லிட்டார், எனக்கே மனப்பாடம்: ‘பார்க்கத்தான் முரட்டு அதிகாரி, அன்பாக ஒரு வார்த்தை போதும், வெறும் சாது, இப்படி ஒரு நல்ல அதிகாரி இந்த ஆஸ்பத்திரிக்கு இனி கிடைப்பது அபூர்வம்.’”